அடுத்த கட்டிலின் சிரிப்பு

ஜனவரி 14

பனி விடாமல் கொட்டுகிறது. என் நினைவுக் குறிப்பில் மருத்துவமனை அத்தியாயம் முடிந்தது. பதிப்பாசிரியர் நகாசே — மரியாதைக்கு என்னை 'சென்செய்', ஆசிரியரே, என்றுதான் கூப்பிடுவார் — தொலைபேசியிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "சென்செய், சிறுநீரகக் கோளாறை வெச்சு இப்படிக்கூடச் சிரிக்க வைக்க முடியுமா? முகம் வீங்கினதும் டாக்டர்கிட்ட, 'ராத்திரி யாரோ எனக்குக் காத்தடிச்சுட்டுப் போயிட்டாங்க'ன்னு நீங்க சொல்ற இடம் இருக்கே, வயிறு வலிச்சுப் போச்சு."

எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. சத்தமாகப் படித்தபோது இடது பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. அங்கே சுவர்தான் இருக்கிறது.

ஜனவரி 17

இன்றும் இடது பக்கம்தான். எனக்கு ஒன்பது வயதில், மருத்துவமனையில் அந்தப் பக்கக் கட்டிலில் மினெகோ இருந்தாள்.

ஜனவரி 20

சோப்புக் கதைதான் உறுத்துகிறது. நான் குணமாகி வந்ததும், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா எங்கள் ஊர் முறைப்படி சோப்புப் பெட்டி அனுப்பினாள், நோய் கழுவிப் போகட்டும் என்று. மேலுறையில், குணமானவள் பெயர் எழுதும் இடத்தில், என் பெயர்: யசுயோ. அவசரத்தில் மினெகோவின் அம்மாவுக்கும் ஒன்று போய்விட்டது. மினெகோ அப்போதும் அதே மருத்துவமனைக் கட்டிலில்தான் கிடந்தாள். அந்தக் குளிர்காலமே போய்விட்டாள்.

இதையும் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறேன். அவள் அம்மா இன்னும் இருக்கிறார். அவர் சம்மதமில்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். பிரதியை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 2

மினெகோவின் அம்மா இருக்கும் முராகாமி ஊருக்கு ரயிலில் போய் வந்தேன். மினெகோ அம்மா — வார்டுக் குழந்தைகள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம் — தேநீர் ஊற்றினார். சோப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா என் பொண்ணு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?"

"அவ அமைதியா இருப்பாளேம்மா."

"யாரு, மினெகோவா? காத்தடிச்ச கதை அவ சொன்னதுடி. உப்பில்லாத கஞ்சியில வெறுங்கையால உப்புத் தூவற மாதிரி நடிச்சதும் அவதான். நீ தலையணையில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு அழுதுட்டே கிடப்ப. உன்னைச் சிரிக்க வைக்கத்தான் அத்தனை கூத்தும் அடிச்சா. செத்தவளை ஊமையாவும் ஆக்கணுமா?"



பிப்ரவரி 3

நிஜம்தான். அழுதது நான். இத்தனை வருஷமா அவ பேச்சை என் பேச்சுன்னே நம்பிட்டிருந்திருக்கேனே — எனக்கே தெரியலையே. பயமா இருக்கு. என்னிடம் சிரிப்பென்று இருப்பதெல்லாம் அவளுடையதா?

பிப்ரவரி 19

எல்லாவற்றையும் அவள் வாயிலேயே போட்டுத் திருப்பி எழுதினேன். நகாசேவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இதுல நீங்க வெறும் அழுமூஞ்சியா வர்றீங்களே சென்செய். வாசகர்களுக்கு உங்களைப் பிடிக்காமப் போயிடும்."

"போகட்டும்" என்றேன். ஒரு பிரதி முராகாமிக்கும் போயிற்று.

பிப்ரவரி 20

இடது பக்கம் சத்தமே இல்லை. அதுவும் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 8

முராகாமியிலிருந்து பார்சல். பிரித்தால் சோப்புப் பெட்டி. முறைப்படி வெள்ளைத் தாள், சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு. குணமானவள் பெயர் எழுதும் இடத்தில், அவள் அம்மாவின் கையெழுத்தில், மினெகோ.

இடது பக்கமாக வைத்திருக்கிறேன்.