கரையில் தூக்காத கை

9/2 திங்கள்

காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் நல்ல தெளிவு. தோளில் ஊசி போட்டு ஆறாவது வாரம். இன்றுதான் மறுபடி சங்குக்கு இறங்கினேன்.

கொண்டு போனவை: இடுப்பு ஈயம், கண்ணாடி, வலைப்பை, ரெஜினா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. கொண்டு போகாதது: அவள் புத்திமதி. "இன்னும் ஒரு மாசம் பொறுங்கன்னா கேக்கியளா?" பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கரையில் உட்கார்ந்த சங்குகுளிக்காரன் எவன்?

ஒன்பது பாகம் ஆழம், ஐம்பத்துநாலு அடி. காற்று வரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு போனேன். மேலே காசிம் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டான். நானும் அவனும் ஒரே வள்ளம், கல்யாணத்துக்கு முன்னிருந்தே. அடியில் நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். சுழற்றிப் பார்த்தேன். பொட்டு வலி இல்லை! வாயில் குழாய் இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

ஸ்டெம் செல் என்றார்கள் அந்தக் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரியில். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, மெஷினில் சுற்றி, அதிலிருந்து எதையோ பிரித்துத் தோளில் ஏற்றினார்கள். கிழிந்த தசை தானாகக் கூடிவிடுமாம். ரெஜினா அன்றைக்கே சொன்னாள், "உங்க வயித்துக் கொழுப்புதான? தோளும் இனி தின்னுட்டுத் தூங்கும்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய கேமராக்காரப் பையன் எங்கள் வள்ளத்திலேயே வந்திருந்தான். மேலே வந்த சூட்டோடு, வள்ளத்தருகே கழுத்துவரை தண்ணீரில் மிதந்து வலது கையில் சங்கை உயர்த்திக் காட்டினேன். "வலி போயிட்டு! போயே போயிட்டு!" என்றேன். சத்தியமாக அப்போது அது நிஜம்.

10/2 செவ்வாய்

நேற்று கரைக்கு வந்து சோறு தின்று முடிப்பதற்குள் தோள் பிடித்துக்கொண்டது. காலையில் ரெஜினாதான் சட்டைக்குள் கையை நுழைத்துவிட்டாள். உப்புத் தண்ணி விறைப்பு என்று சொல்லிவைத்தேன்.

இன்றும் கடலில் இறங்கியதும் வலி போன இடம் தெரியவில்லை. இது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். மேலே வந்ததும் மூட்டில் வலி பிடித்தால் மறுபடி முங்கி, விடும்வரை அடியில் கிடப்பது. முட்டி, இடுப்பு, தோள், எல்லாவற்றுக்கும் அதே மருந்து. அதனால் ஊசி வேலை செய்கிறது, கரைதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரெஜினாவுக்கு விளக்கினேன்.

"அப்ப ஊசிய உங்களுக்குப் போட்டாவளா, கடலுக்குப் போட்டாவளா?"

இவளோடு பேசி ஜெயிக்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

13/2 வெள்ளி

வீடியோ வந்துவிட்டது. டீக்கடையில் ஒவ்வொருவன் போனிலும் நான். பின்னால் பாட்டு வேறு போட்டிருக்கிறான். நிஜத்தைவிடக் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறேன்.

காசிம் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டான். "ஏலே சூசை, எங்கிட்ட உண்மையச் சொல்லு. வலி போயிட்டா?"

"கீழ வந்து பாருலே. கை காத்தாடியாச் சுத்துது."

"அப்ப நானும் முட்டிக்குப் போடப் போறேன். நோன்பு வருதுல்லா. போன வருசம் பூரா நாக்காலில உக்காந்து தொழுதேன். வெக்கமா இருக்கு மாப்ள. இந்தப் பெருநாளைக்காவது நெத்தி தரையில படணும்."

சரி என்று சொல்லி அனுப்பினேன். இரவு தோள் குடைந்தது. அவன் முகம் கண்ணிலேயே நின்றது.

ஆஸ்பத்திரி மேனேஜர் போன். "அண்ணாச்சி, வீடியோ பிச்சிக்கிட்டு ஓடுது. இருபத்தி ரெண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை உங்க சமுதாயக் கூடத்துல கடல்ல முங்குற எல்லா டைவருக்கும் ஒரு மீட்டிங். நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. அடுத்த ஊசி உங்களுக்கு ஃப்ரீ."

அடுத்த ஊசியா? ஒன்றே போதும் என்று முதலில் சொன்னது யார்?

18/2 சாம்பல் புதன்

காலைப் பூசை, நெற்றியில் சாம்பல். கூட்டம். சிலுவை போடக் கையைத் தூக்கினேன். நெஞ்சுக்கு வந்த கை அதற்கு மேல் வர மாட்டேன் என்றது. யாருக்கும் தெரியாமல் தலையைக் குனிந்து நெற்றியைக் கையிடம் கொண்டுபோனேன்.

ரெஜினாவுக்கு முதுகிலும் கண். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "கைக்கு நெத்தி போகுது! யாரை ஏமாத்துதிய? சாமியவா?"

"மெதுவாப் பேசுளா. ஆள் பாக்காவ."

"பாக்கட்டும். வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். வரலைன்னா நான் மட்டும் போய் உங்க தோளப் பத்திச் சொல்லிட்டு வருவேன்."

சொன்னதைச் செய்கிறவள். சாம்பல் நெற்றியோடு வீடுவரை திட்டு.

20/2 வெள்ளி

பெரியாஸ்பத்திரி. எக்ஸ்ரே, ஸ்கேன், வெளியே பெஞ்சில் காத்திருப்பு. வெயில். எலும்பு டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை?"

"கடல் தொழில்."

"கடல்ல என்ன?"

"சங்கு குளிக்கேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "ஊசி போட்ட இடத்துல இதைச் சொன்னீங்களா?"

"அப்பக் கடல் தொழில்னு மட்டும் சொன்னேன். மீன்பிடின்னு நெனச்சிருப்பாவ. மேல ஒண்ணும் கேக்கல. முங்குறவன்னு வீடியோ எடுக்கும்போதுதான் அவியளுக்குத் தெரியும். தசை கிழிஞ்சிருக்குன்னாவ."

கிழிந்தது தசை இல்லையாம். தோள் எலும்பின் உருண்டைக்கு ரத்தம் போகவில்லை. ஆழத்தில் நாம் இழுக்கும் காற்று ரத்தத்தில் ஏறி, சட்டென்று மேலே வரும்போது குமிழியாகி, எலும்புக்குப் போகும் சின்னக் குழாய்களை அடைக்கிறது. எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருசமாக.

"கீழ போனா வலிக்கல மேடம்."

"வலிக்காது. தண்ணி உங்க கையைத் தாங்கும். ஆழத்துல குமிழியும் அமுங்கும். வலி போகும், நோய் அங்கேயே இருக்கும். மறுபடி மேல வரும்போது இன்னும் கொஞ்சம் சாகும்."

அப்படியென்றால் நாங்கள் மருந்து என்று குடித்ததெல்லாம் அதே விஷம்.

ஸ்டெம் செல் பொய்யா என்று கேட்டேன். "பொய்னு சொல்ல மாட்டேன். செத்த எலும்புக்கு அதை வெச்சு ஆராய்ச்சி நடக்குது. நாளைக்கு நல்ல சேதி வரலாம். இன்னைக்குக் குணமாயிடும்னு சொல்லி விக்கிற நிலைக்கு அது வரல. அதுவும் முங்குறவரா என்னன்னு கேக்காம போட்டு, மறுபடி முங்கவும் விட்டது பெரிய தப்பு."

"எத்தன நாள் முங்காம இருக்கணும்?"

படத்தை என் பக்கம் திருப்பினார். "இனிமே முங்கக் கூடாது. முங்கினா உருண்டை உள்ள குழிஞ்சிடும். அப்புறம் சோறு அள்ளக்கூடக் கை வராது."

பஸ்ஸில் ரெஜினா என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை. வெறியில். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. தெரிந்த ஒன்றையும் எவனோ பாட்டுப் போட்டு விற்றிருக்கிறான்.

21/2 சனி

காசிம் வீட்டுக்குப் போனேன். நோன்பாளி, சுருண்டு படுத்திருந்தான். முட்டி ஊசிக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். வேண்டாம் என்றேன். டாக்டரம்மா சொன்னதெல்லாம் சொன்னேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டான். "போன வாரம் காத்தாடின்ன. இன்னைக்குச் செத்த எலும்புங்குத. எதுலே நெசம்?"

"ரெண்டும் நெசம்தாம்லே. கீழ காத்தாடி. மேல செத்த எலும்பு."

"உனக்குச் சரியாயிட்டு. எனக்குன்னு வரும்போது வாய்க்கரிசி போடுத."

வாய்க்கரிசியாம். எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. அவன் அம்மா வந்து நடுவில் நின்றதால் கைகலப்பு இல்லை. எந்தக் கையால் அடித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். வீடியோவை எடுங்கள் என்றேன். சிரித்தார். "அண்ணாச்சி, உங்க கழுத்துல யாராவது கத்தி வெச்சாங்களா? நீங்களாத்தான சொன்னீங்க?"

நானாகத்தான் சொன்னேன். அதுதான் நெஞ்சில் நிற்கிறது. காசிமிடம் கத்தினால் காசிம் கேட்க மாட்டான். இவரிடம் கத்தினால் இவர் சிரிப்பார். கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்ல சட்டை போட்டு வரச் சொன்னார்.

22/2 ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள். கூடம் நிறைந்துவிட்டது. எல்லாம் முங்குகிற ஆட்கள். வாசலில் சமோசாவும் டீயும். காசிம் கடைசி வரிசையில், என்னைப் பார்க்காமல். நல்ல சட்டைதான் போட்டிருந்தேன். ரெஜினா நுழைத்துவிட்டது.

முதலில் திரையில் என் வீடியோ. கைதட்டல். பிறகு மைக்கை இடது கையில் வாங்கினேன்.

"எல்லாரும் எந்திரிங்கலே. வலது கைய நேரா மேல தூக்குங்க. காதுல ஒட்டணும். அப்புறம் இடது கையத் தூக்குங்க."

மேனேஜர் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சின்னப் பையன்கள் கை காதுவரை போனது. எங்கள் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. ஒருவன் பக்கத்து ஆளைப் பார்த்தான். அவன் கையும் அங்கேயேதான். இத்தனை நாள் ஒவ்வொருவனும் தனக்கு மட்டும் என்று நினைத்து, சொன்னால் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறான். நானும்தான். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

"இப்ப என்னப் பாருங்க." தூக்கினேன். நெஞ்சுவரை வந்தது. "அந்த வீடியோல தூக்குன அதே கைதான். அது தண்ணிக்குள்ள. தண்ணிக்குள்ள நம்ம யாருக்கும் வலிக்காது. நான் கீழ போய்ச் சோதிச்சிட்டு மேல வந்து சாட்சி சொல்லிட்டேன். ஊசி போட்டும் வலி அப்படியே இருக்கு. எலும்பு செத்துக்கிட்டு இருக்கு. பெரியாஸ்பத்திரில படம் எடுத்துச் சொல்லியாச்சு. என் பேச்சக் கேட்டு எவனும் ஊசிக்குப் போகாத. வலி விட்டுட்டுன்னு மறுபடி முங்காத!"

மைக்கை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். வள்ளத்தில் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது. டாக்டரம்மா சொன்னதை மொத்தமும் கத்தினேன்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு காதருகே, "கேஸ் போடுவோம்" என்றார். "போடுங்க. கோர்ட்டுலயும் கையத் தூக்கச் சொல்வாவ. அங்கன தண்ணி கெடையாது" என்றேன்.

காசிம் எப்போது எழுந்து போனான் என்று பார்க்கவில்லை.

23/2 திங்கள்

விடியவில்லை, கதவைத் தட்டும் சத்தம். காசிம். நோன்புச் சோறு தின்ற கையோடு நேரே வந்திருக்கிறான். உள்ளே வரவில்லை.

"அந்த டாக்டரம்மா எத்தன மணிக்கு வாரா?"

"ஒம்பது மணிக்கு. சீட்டு அதுக்கு முன்னால வாங்கணும்."

"முட்டியும் பாப்பாவளா?"

"எல்லா எலும்பும் பாப்பாவ."

குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டான். "நாக்காலில உக்காந்து தொழுதா அல்லா ஏத்துக்கிடாமலா போயிருவான். வா." அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் அடுத்த வீட்டுச் சுவரோரம் ஆட்கள். நேற்று கூடத்தில் இருந்தவர்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். வள்ளக்காரர் ஒருவர் வந்து, இன்றைக்கு ஒரு வள்ளமும் இறங்காது போல என்று சலித்துக்கொண்டார். "ஆமா, இறங்காது" என்றேன்.

ரெஜினா உள்ளிருந்து, "இத்தன பேருக்கு டீ போட எங்கிட்ட எங்கன சட்டி இருக்கு?" என்று கத்துகிறாள். கத்திக்கொண்டே தண்ணீர் வைக்கும் சத்தம்.

ஒரு வேன் பத்தாது. இன்னொரு வேனுக்குச் சொல்ல வேண்டும்.