தங்க வளையம் போட்ட பழைய மவுத்பீஸ்

அன்பு மகள் மஞ்சுவுக்கு,

நைனா எழுதுவது. மாதா கிருபையால் இங்கே அம்மாவும் நானும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி ஜெபம். அம்மாவின் முட்டிவலி மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது, ஆனால் மீன் வாங்க நான் போனால் ஏமாந்து வருவேன் என்று அவளேதான் கரைக்கு நடக்கிறாள். முகத்துவாரம் மறுபடியும் மண் தூர்ந்துவிட்டது, ஏரிக்குள் இறால் வரத்து குறைவு என்று எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு லைட்ஹவுஸ் குப்பத்துப் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, அடிபட்ட ஃபைபர் படகுகள் வந்துகொண்டே இருக்கின்றன, ரெசின் நாற்றம் சட்டையை விட்டுப் போவதில்லை. இத்தனை நாள் போனிலேயே பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அதோடு உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் கட்டிப்போகிறது. உன்னோடு வேலை பார்க்கும் மீஞ்சூர் சுபஸ்ரீ லீவு முடிந்து அயர்லாந்து திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு, அவளிடம் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் என் சாக்ஸபோனில் மாட்டி ஊத நீ வாங்கி அனுப்பிய மவுத்பீஸைப் பற்றியது. நான் ஊதுகிற வீடியோவைக் கடைக்காரரிடம் காட்டி, என் நைனாவுக்கு எது பொருந்தும் என்று கேட்டு, நைட் ட்யூட்டி பார்த்த காசில் வாங்கினாய் என்று சொன்னாயே, அதை அம்மா சுண்ணாம்புக்குளம் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். நானும் சளைக்கவில்லை. பேண்டு ரிகர்சலில், இதுநாள் வரை என் சாக்ஸபோன் சத்தத்தை நீங்கள் கேட்டதே இல்லை, இனிமேல்தான் கேட்கப் போகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொண்டேன். வீட்டில் அதில் நாணல் ரீடைக் கட்டி ஊதிப் பார்த்தால் அது என் சத்தமாகவே இல்லை, ஒரே கூர்மை. மெதுவாக ஊதினால் வெறும் காற்று போகிறது, கொஞ்சம் அழுத்தினால் கீச்சென்று எகிறுகிறது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து, இன்னாயா இது, ஏரில பூநாரை கத்துற மாதிரி கீதே என்றாள். இதற்கு மெல்லிய ரீடு போட வேண்டும், வாய் பழகச் சில மாதம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நீ ஒழுங்காகத்தான் எனக்குச் சொன்னாய். எனக்கு எங்கே பொறுமை. மாதா திருவிழா நெருங்கிவிட்டது, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்து அதன் உள்ளே பார்த்தேன், மேல்பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. நம் பட்டறையில் ரெசின் ஊற்றிக் காய்ந்த பிறகு இப்படித்தான் அங்கங்கே மேடு நிற்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் படகைக் கொடுத்தால் படகுக்காரன் சும்மா விடமாட்டான். என் கண்ணுக்கு மேடு என்றால் அது முடிக்காமல் விட்ட வேலை. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு தேய்க்காமல் தலையில் கட்டிவிட்டானே என்று அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே, வலை பின்னும் ஊசியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன் மஞ்சு. கறுப்புத் தூள் கொட்டியது, கந்தகம் போல நாறியது, அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. விரல் வழுக்கும்படி ஆனதும் ஊதிப் பார்த்தேன். கூர்மையும் போய்விட்டது, சத்தமும் போய்விட்டது, ஓட்டைச் சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு இரைச்சல்தான் மிச்சம். மறுநாள் பேண்டு மாஸ்டர் ஸ்டீபனிடம், சில மவுத்பீஸுக்குள் மேடு இருக்கிறதே அது எதற்கு என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அண்ணே, அந்த மேட்டுக்குத்தான் காசே வாங்குறான், காத்து அதுல மோதித்தான் அந்த சவுண்டு வருது என்றான். நீ தூக்கம் கெட்டுச் சம்பாதித்ததை நான் தேய்த்துத் தரையில் கொட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருந்தால் அது ஒரு மடையன் செய்த காரியம் என்பதோடு போயிருக்கும். அதற்கு மேல் நான் செய்ததை எழுதத்தான் கை கூசுகிறது. நீ அனுப்பியதில் ரீடை இறுக்க ஒரு தங்க நிற வளையம் இருந்ததே, அதைக் கழற்றி என் பழைய மவுத்பீஸில் மாட்டினேன். பல் பதிந்து தேய்ந்த இடத்தை வாயால் மறைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், தெரியவும் இல்லை. தேர் பவனியில் மாதா பாட்டை ஊதும்போது சீரியல் லைட்டில் அந்த வளையம் மின்னியது, எல்லோரும் அதையே பார்த்தார்கள். பவனி முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமே வேற மாதிரி கீதுப்பா, பாரின் பாரின்தான் என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா நான் ஊதியதைப் போனில் ஆடியோவாகப் பிடித்து உனக்கு அனுப்பினாள். நீ பஸ்ஸில் போகும்போது கேட்டுவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டு அழுதாய். இப்பதான் நைனா உன் சத்தம் முழுசா கேக்குது, இத்தினி வருசம் அந்தப் பழசு உன்னைக் கட்டிப் போட்டிருக்கு என்றாய். நான் ஆமாம்மா என்றேன். அந்த ஆமாம் என் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது, அது மட்டும் இறங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தாலும் நீ ஊருக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கோழை மாதிரி இருந்திருப்பேன். இப்போது லோகநாதன் மாமா குறுக்கே வந்து நிற்கிறான். உனக்குத் தெரியும், பேண்டில் எனக்குப் பக்கத்தில் நின்று ஊதுகிறவன், கடலுக்குப் போன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சாக்ஸபோனும் கையுமாக இருப்பவன். சர்க்கரை வியாதியில் அவனுக்கு மேல் வரிசைப் பல் எல்லாம் ஆட ஆரம்பித்துவிட்டது. பல் ஆடினால் மவுத்பீஸ் வாயில் நிற்காது, உதட்டோரம் காற்று கசிகிறது, சத்தம் பாதிதான் வருகிறது. அடுத்த திருவிழா சீசனுக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று ஸ்டீபன் ஜாடையாகக் கேட்டுவிட்டான். பல்லைக் கட்டிக்கொள்ள இறால் காசை ஒதுக்கி வைத்திருந்தான், மீஞ்சூரில் டாக்டரையும் பார்த்து வந்தான். தேர் பவனியில் என் சத்தத்தைக் கேட்டதும் பல் வேண்டாம், மவுத்பீஸ் போதும் என்று முடிவு கட்டிவிட்டான். அவன் பெண்சாதி ருக்கு வந்து அம்மாவிடம் உன் நம்பரை வாங்கிப் போனாள். இந்த இறால் சீசன் முடிந்ததும் அவன் உன்னைக் கூப்பிட்டு, பல்லுக்கு வைத்த காசில் அதே மாதிரி ஒன்று வாங்கித் தரச் சொல்லப் போகிறான். மறுநாளே அவனைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இன்னாபா ஆபிரகாமு, உனுக்குன்னா பாரின், எனுக்குன்னா உப்புத்தாளா என்றான். அவனுக்கும் கிடைத்துவிட்டால் என் மவுசு போய்விடும் என்று நான் கதை கட்டுகிறேனாம். சத்தியம் செய்தேன், நம்பவில்லை. தேய்த்ததைக் கையில் கொடுத்தேன், உள்ளே விரலை விட்டுப் பார்த்து, பாரின்காரன் இப்டிதான் வழவழன்னு செய்வான் என்றான். கடைசியில் அவனை ஏரியைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினேன். ஒவ்வொரு தடவையும் பழையதை ஊதும்போதுதான் கையைத் தூக்கி, இதான் பாரின், இதான் பாரின் என்றான். அது பழசுடா என்றால், மாத்திச் சொல்ற என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான், இப்போது ரிகர்சலில் என் பக்கமே திரும்புவதில்லை.

அவன் போன பிறகு இரண்டையும் மடியில் வைத்து யோசித்துப் பார்த்தேன். விலை கொடுத்து வாங்கும் மவுத்பீஸால் சத்தம் மாறுமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் பல்லுக்கு மாறியது, என் காதுக்கு மாறியது, மேட்டை எடுத்ததும் அடியோடு மாறியது, அதனால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் தேருக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் கேட்டது வளையத்தைத்தான். புதியது என் வாய்க்குப் பழகியிருந்தால் எப்படி ஒலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் நானே தேய்த்துவிட்டேன். லோகநாதனுக்கு எந்த மவுத்பீஸ் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளப் பல் வேண்டும், அது மட்டும் எனக்கு நிச்சயம். அவன் கூப்பிடும்போது என் மானத்தைப் பார்க்காதே. வாங்கும்போது கடையில் நீ எடுத்து வைத்த போட்டோவில் அந்த மேடு தெரியும், அதை அவனுக்கு அனுப்பி, என் நைனா இதைத்தான் தேய்ச்சிட்டாரு, பவனியில ஊதுனது பழசுதான், நீங்க முதல்ல பல்லைக் கட்டுங்க மாமா என்று சொல். நான் சொன்னால் பொறாமை என்கிறான், நீ சொன்னால் கேட்பான். ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஸ்டீபனிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே சொல்லிவிடுகிறேன். கடிதத்தைச் சுபஸ்ரீயிடம் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மாவிடம் சொல்வேன், அதற்குத்தான் இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

உன்னிடம் மன்னிப்பு என்று எழுதினால் அந்த வார்த்தை பத்தாது. பொருளைக் கெடுத்ததைக்கூட நீ சிரித்து விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும், பஸ்ஸில் நீ அழுத அழுகையை நான் பொய்யால் வாங்கிக்கொண்டதுதான் என்னை உறுத்துகிறது. இன்னொன்று வாங்கி அனுப்புகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. தேய்த்ததைத் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், தங்க வளையத்தையும் அதிலேயே மாட்டிவிட்டேன். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, நைட் ட்யூட்டியைக் குறைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்தை அறைக்குள் பிரிக்காதே, போன தடவை மாதிரி பக்கத்து அறைக்காரர்கள் புகார் சொல்வார்கள். மாதா உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காப்பாற்றட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபத்தில் அந்த ஆடியோவை அழித்துவிடாதே மஞ்சு. மவுத்பீஸ் பழசுதான், ஆனால் அன்றைக்கு உன்னை ஏமாற்றப் போகிறேன் என்று தெரிந்தே ஊதினேன், அந்தப் பயத்தில் உன்னை நினைத்துக்கொண்டே ஊதினேன், அவ்வளவு நன்றாக நான் எப்போதும் ஊதியதில்லை.

என்றும் உன் மேல் உயிராயிருக்கும்,
உன் நைனா
ஆபிரகாம்