ஓடையில் வந்த ரோஸ் கலர்

அக்கா,

இன்று காலை ஒரு கல்யாணப் பெண் பிளவுஸ் தைக்கத் துணி கொண்டுவந்தாள். பொதியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்தநாள் கேக்கின் மேல் நீங்கள் பூப்போடும் அதே ரோஸ் கலர். "கலர் நல்லால்லியாக்கா?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். ரொம்ப நல்ல கலர், இந்த வீட்டையே காப்பாற்றிய கலர் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அளவெடுத்து அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாகர்கோவிலில் நம் தெரு ஒரு சரிவில் கிடக்கிறது. மேட்டில் உங்கள் பேக்கரி, பள்ளத்தில் என் வீடு. தெருவோரமாகச் சிலாப் போட்டு மூடிய மழைநீர் ஓடை. மழைத் தண்ணீரை மட்டும் கீழே இருக்கும் குளத்தில் கொண்டுசேர்க்கக் கட்டியது. ஆனால் வெயில் கொளுத்தும் சித்திரையிலும் அதில் தண்ணீர் ஓடும். மழையே இல்லாதபோது மழைநீர் ஓடையில் என்ன ஓடுகிறது என்று நாம் யாரும் கேட்டதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம், அவ்வளவுதான். மழை வலுத்தால் ஓடை நிரம்பி, கறுப்புத் தண்ணீர் என் வீட்டுக்குள் ஏறும். தையல் மெஷின் மோட்டார் கெட்டுப்போகும், ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் நாறும்.

கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில், "வித்துப்போட்டு ஆரல்வாய்மொழிப் பக்கம் மேட்டுல ஒரு இடம் வாங்குவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம் ஜூன் மழையில் மறுபடியும் தண்ணீர் ஏறியபோது நானும் சம்மதித்துவிட்டேன். ஐப்பசி மழையிலும் ஏறினால் வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு. தைத்துத் தைத்துக் கட்டிய வீடு, அக்கா. விற்கப்போகிறேன் என்று சொல்லவே வாய் கூசியது.

ஆரல்வாய்மொழியில் பார்க்கும் இடமெல்லாம் காற்றாலைதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நீங்கள், "காத்தாடிக்குக் கீழ போயி யாருக்கு மக்கா பிளவுஸ் தைப்ப?" என்றீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றுதான் ஓடையை வாரச் சொல்லி மாநகராட்சி அலுவலகத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருந்தேன். நீங்களோ கையில் பன் பொட்டலத்தோடு நின்றுகொண்டு, "கத்தி முடிச்சியா? இனி இதத் தின்னு" என்கிறீர்கள். கத்துவது எனக்குச் சுலபமாக வரும். உங்களுக்கு அது கடைசிவரை வரவில்லை.

ஆடி மாதம் ஒரு பகல். என் வாசலில் உடைந்த சிலாப் வழியே பார்த்தால் ஓடையில் ரோஸ் கலரில் தண்ணீர் போகிறது. அந்தக் கலர் நம் தெருவில் ஒரே இடத்தில்தான் உண்டு. விட்டேனா! ஒரே மூச்சில் மேட்டுக்கு ஏறிவந்தேன். கடைக்குள் கலர் டப்பா கவிழ்ந்து, அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"எனக்க கடைத் தண்ணி செப்டிக் டேங்குக்கில்லா போகுது?" என்றீர்கள்.

தெருவில் எல்லாரும் சொல்வதும் அதேதான். ஆனால் நீங்கள் சொன்னதோடு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்கூடவே இறங்கி வந்தீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிலாப் ஓரத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தீர்கள். அதற்குள் நாலு வீட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஏதோ சாயம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என்னைத் தவிர யாரும் உங்களைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். நீங்கள் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது எனக்க கடைத் தண்ணியாக்கும்" என்றீர்கள்.

மறுநாளே கடையைப் பூட்டித் தரையை உடைத்தீர்கள். பழைய டேங்க் நிறைந்துபோன ஏதோ ஒரு காலத்தில், உங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் குழாயை ஓடைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆவணிக் கல்யாண ஆர்டரையெல்லாம் விட்டுக்கொடுத்துப் புது டேங்க் கட்டினீர்கள். டால்டா பிசுக்கு தனியாகத் தங்க ஒரு தொட்டியும் வைத்தீர்கள். அதெல்லாம் முடிந்தபிறகுதான் கேக் கலர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினீர்கள். ஒரு வீட்டுக்கு மஞ்சள், ஒரு வீட்டுக்குப் பச்சை. நீங்கள் மேலே குளியலறையில் கலரை ஊற்றித் தண்ணீர் விடுவீர்கள். நான் கீழே என் வாசலில் காவல் நின்று, கலர் வந்ததும் போன் செய்வேன். எத்தனை சிரிப்பு, எத்தனை சண்டை!

மாடி வீட்டு வாத்தியார் மட்டும் கேட்டைத் திறக்கவில்லை.

"எனக்க வீட்டுக் கக்கூஸையா சோதிக்க வந்த?"

"எனக்க கடையத்தான சார் முதல்ல சோதிச்சேன்" என்றீர்கள். குரல் உயரவே இல்லை. "ஒங்க வீட்டுது வரலேன்னா தெருவுல எல்லாருட்டயும் நானே சொல்லுதேன்."

அவர் கேட்டைத் திறந்துவிட்டார். நீலம் ஊற்றினீர்கள். கொஞ்ச நேரத்தில் என் வாசலில் நீலம் வந்தது. வாத்தியாரே நேரில் வந்து பார்த்துவிட்டு, நேராகக் கொத்தனாரைக் கூப்பிடப் போனார். அவர் குழாயை மாற்றியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக மாற்றினார்கள். நான் அலுவலகத்தில் போட்ட கூச்சல் ஒரு குழாயைக்கூட அசைக்கவில்லை, அக்கா.

புரட்டாசியில் ஓடை முதல்முறையாகக் காய்ந்தது. நீங்கள் மாநகராட்சி இன்ஜினியரைக் கையோடு கூட்டிவந்து காட்டினீர்கள். ஓடையை எத்தனை தடவை தூர் வாரினாலும் உடனே நிறைந்துவிடுகிறது என்று சலித்துக்கொள்ளும் மனிதர் அவர். "இப்ப வாரினா பிரயோஜனம் உண்டு" என்று ஆட்களை அனுப்பினார். சிலாப்பைத் தூக்கிப் பார்த்தால் ஓடையின் பாதி ஆழத்துக்கு இறுகிய சகதி. நம் அழுக்கே இடத்தை அடைத்துக்கொண்டால் மழை எங்கே போகும்? என் வீட்டுக்குள்தான் வந்தது.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் கொட்டத் தொடங்கியது. மெஷின்களைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். தண்ணீர் முதல் படியைத் தொட்டது. வீடு போயிற்று என்றே நினைத்தேன். நீங்கள் குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றீர்கள். தண்ணீர் அந்தப் படியிலேயே கொஞ்சநேரம் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். "ஏட்டி, ஏறுனாலும் அழுவ, எறங்குனாலும் அழுவியா?" என்று திட்டிவிட்டு, "மாப்பிள்ளைக்குப் போனப் போடு" என்றீர்கள். வீடு விற்பனைக்கு இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

உங்களைக் கொண்டுபோனதும் ஒரு மழைநாளில்தான். உங்கள் சபைக்காரர்கள் பெட்டியைச் சுமந்து சரிவில் இறங்கினார்கள். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் மலர்வளையங்களிலிருந்து உதிர்ந்த பூவெல்லாம் ஓடிப்போய் ஓடை வாயிலிருந்த கம்பிவலையில் அடைத்துக்கொண்டது. நான் கூட்டத்தை விட்டு விலகிக் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளினேன். "இப்பமா இந்த வேல?" என்று யாரோ அதட்டினார்கள். அக்கா இருந்தால் முதலில் இதைத்தான் செய்திருப்பாள் என்று சொல்ல நினைத்தேன். நிமிராமல் அள்ளிக்கொண்டே இருந்தேன். வாத்தியார்தான் குடையை மடக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தார்.

இப்போதும் மழை வலுத்தால் தையலை அப்படியே போட்டுவிட்டு ஒரு கம்பியோடு தெருவில் இறங்கிவிடுவேன். போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், நான் வலையில் சிக்கிய சருகை இழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க கார்ப்பரேஷன் ஆளாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மக்கா," என்றேன். "நான் பேக்கரி அக்காக்க ஆளு."