நடுவீட்டில் சாக்கு

3.9.2007, திங்கள்

காலையிலேயே வெயில். கரண்ட் இல்லை. வருகிற ஞாயிறு செல்வியைப் பெண் பார்க்கக் கடலாடியிலிருந்து வருகிறார்கள். என் ஒரே நாத்தனார். மாப்பிள்ளை போட்டோ வந்ததிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

முன்கூடத்தை நான் பார்த்துக்கொள்வதாக அத்தையிடம் சொல்லியாச்சு. அத்தைக்குப் பெருமை. "படிச்ச புள்ள, மதுரக்காரி. அவ செஞ்சா நல்லாத்தான் இருக்கும்." பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். சென்னையில் யாரோ டாக்டர் வீடு. பழைய சேலையில் ஸ்கிரீன், சாக்கில் மேசை விரிப்பு, கயிற்றுக் கட்டில். என்ன அழகு!

வேண்டியவை: அத்தையின் நைந்த சுங்குடிச் சேலைகள் (டிரங்குப் பெட்டியில்). நெல்லுச் சாக்கு, துவைத்தது. மாமாவின் பழைய வேட்டி, தலையணை உறைக்கு. ஊசி. ராமநாதபுரம் போனால் நூல்.

7.9, வெள்ளி

இடுப்பு ஒடிந்தது. சோபா செட், வெல்வெட் ஸ்கிரீன் எல்லாம் பின்னறைக்கு. சேலை கிழிந்த இடங்களில் வேண்டுமென்றே வேறு நிறத் துணி வைத்துத் தைத்தேன். படத்தில் அப்படித்தான்.

சாப்பிட வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா, சாக்கு எதுக்கு நடுவீட்டுல?"

"இப்ப இதுதான் மாமா பேஷன்."

"அப்படியா. சரி."

சாப்பிட்டுவிட்டுப் புழுதி உழவுக்குப் போய்விட்டார். நான் சொன்னதை ஒருநாளும் மறுத்ததில்லை, பாவம்.

9.9, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள். செல்வியைப் பிடித்துவிட்டது போல. மாப்பிள்ளையின் அம்மா என் ஸ்கிரீனைத் தடவித் தடவிப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்து என்னமாய்ப் பூரித்தேன்!

பிறகு கொல்லையில் கை கழுவும்போது தன் தங்கையிடம் அவர் சொன்னது அடுப்படி ஜன்னல் வழியே கேட்டது. "நல்லா வாழ்ந்த வீடும்பாக. இப்பப் பாரு, சாக்கத் தொவச்சு விரிச்சிருக்காக. கிழிஞ்ச சேலையத் தச்சுத் தொங்கவிட்டுருக்காக. ஒக்கார ஒரு நாற்காலி இல்ல. பாவந்தான்."

யாரிடமும் சொல்லவில்லை. கேசரி மீதம்.

11.9, செவ்வாய்

கடலாடியிலிருந்து போன். சம்மதமாம். நகை, சீர் எதுவும் வேண்டாமாம். கல்யாணச் செலவும் அவர்களே. "அவுகளச் சிரமப்படுத்த வேணாம்" என்றார்களாம்.

மாமா முகம் கறுத்தது. "எம் மகளுக்குச் செய்ய எனக்கு வக்கில்லேன்னு எவன் சொன்னான்? இந்தச் சம்பந்தமே வேணாம்."

செல்வி சாப்பிடவில்லை. எந்தப் பங்காளி பற்ற வைத்தானோ என்று அத்தை ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டிருக்கிறார். எல்லாத் திட்டும் எனக்குச் சேர வேண்டியது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

12.9, புதன்

சொல்லிவிட்டேன், ஜன்னலில் கேட்டது முழுக்க. மாமா சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"விடுத்தா. நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்ச." துண்டை உதறிக்கொண்டே, "நம்ம ஸ்கிரீன எடுத்து மாட்டு. பூ வைக்க வரட்டும். கண்ணால பாத்துக்கிறட்டும்."

செல்வி ஓடிவந்து, "மதினி, அய்யா சரின்னுட்டாகளா?" என்றாள். தலையை ஆட்டினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

16.9, ஞாயிறு

லேசான தூறல். இரண்டொரு நாளில் புரட்டாசி, அதனால் இன்றே பூ. வெல்வெட் ஸ்கிரீன் இஸ்திரி போட்டு மாட்டினேன். சோபா செட் பளபளவென்று. மாமா புது வேட்டியில், சோபாவின் நடுவில்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் மாமா பக்கத்திலேயே.

"எதுக்குத்தா எங்களுக்காக இதெல்லாம் இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு? நாங்க என்ன வேத்தாளா?"

"இல்லம்மா, இது எங்களுதுதான்."

கையைத் தட்டிக் கொடுத்தார். "சரித்தா. ஒங்களுதுதான்."

மாமா மெதுவாகச் சோபாவை விட்டு எழுந்தார். பூ வைத்து முடியும்வரை உட்காரவே இல்லை.