தர்ஷினியின் வாய்மொழித் தேர்வு

திங்கள், ஜூலை 14

காலையிலிருந்து மழை. ஈசூன் ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்குப் போவதற்குள் காலணி சொதசொத.

தாய்மொழிப் பாட நேரம், தமிழ். நான்கு வகுப்புகளிலிருந்து பதினொரு பிள்ளைகள், ஒரே அறை. ஒருத்தி கட்டுரையே எழுதுவாள். இருவருக்கு எழுத்துக் கூட்டவே திண்டாட்டம். அதனால் மூன்று வகைப் பயிற்சித்தாள், மூன்று நிறம். நேற்று முழுதும் இதே வேலை. பெருமை வேறு.

பத்து நிமிடத்தில் நவீன் கண்டுபிடித்துவிட்டான். "பச்சைன்னா ஸ்மார்ட், மஞ்சள்னா ஓகே, பிங்க்னா ஹோப்லெஸ் லா."

தர்ஷினி வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அதனாலேயே பிங்க் கொடுத்திருந்தேன். தாளை மடித்து மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். இருபது வருடம் கற்பித்து இந்த லட்சணம். வெட்கம். நாளை முதல் எல்லாருக்கும் வெள்ளைத் தாள்.

புதன், 16

வாய்மொழித் தேர்வு. தர்ஷினி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். ஐந்து நிமிடம். ஒரு சொல் இல்லை. போகும்போது பிங்க் தாளை நீட்டினாள். எல்லா விடையும் சரி.

பிங்க் தாளோடு துறைத் தலைவரிடம் போனேன்.

"பேசலன்னா ஜீரோதான். அடுத்த வருஷம் ஈசியான பாடத்துக்குப் போகட்டும். அவளுக்கும் ஸ்ட்ரெஸ் இல்ல."

"வீட்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்றேன் சார். புதுப் படம், அதே மதிப்பீடு."

"மண்டே காலைல வரணும். அதுக்கு மேல ஹோல்ட் பண்ண முடியாது."

ஆசிரியர் அறையில் பிறந்தநாள் கேக். மாண்டரினில் ஏதோ நகைச்சுவை, எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன்.

வியாழன், 17

தர்ஷினியின் அம்மாவுக்கு ஃபோன். "வீட்ல வாய் ஓயாது ஆசிரியர். ஸ்கூல் கேட் தாண்டினா பூட்டிக்கிறா."

படம் அனுப்பினேன். கூடவே ஒரு வரி: பேசி முடித்ததும் நீயும் என்னை ஒரு கேள்வி கேட்கலாம். தேர்வில் எப்போதும் நாங்கள்தான் கேட்கிறோம்.

ஞாயிறு, 20

பதிவு வரவில்லை.

தேக்கா சந்தை. வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, தயிர், முருங்கைக்காய் 1.

"ஒண்ணு மட்டுமா? கட்டாத்தான் தருவோம்க்கா."

வேண்டாம் என்று வந்துவிட்டேன். வெளியே புல்தரையில் விடுமுறை நாள் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக. எல்லார் கையிலும் ஃபோன், அதில் ஊரிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம். ஆங் மோ கியோ வீடு வந்து சேர்ந்தேன். இன்று நான் வாய் திறந்தது அந்தக் காய்கறிக்காரரிடம் மட்டும். வேறு யாரும் இல்லை.

திங்கள், 21

காலை 6.40க்குப் பதிவு வந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி. கணீரென்ற குரல்.

"சாப்பாட்டுக் கடையில ஒரு அங்கிள் தட்டோட நிக்கிறாரு. எல்லா மேசையும் ஃபுல். பக்கத்துல சீட் இருக்கு, ஆனா அதுல பேக் வச்சிருக்காங்க. நானா இருந்தா பேக்க மடியில வச்சிப்பேன்..."

துறைத் தலைவர் இரண்டு தடவை கேட்டார். "இவளா பிங்க்?" மதிப்பெண் போட்டாயிற்று. பாடம் மாற்ற வேண்டியதில்லை.

கடைசி பத்து விநாடி எனக்கான கேள்வி. அதை அவருக்குப் போட்டுக் காட்டவில்லை.

"ஆசிரியர், ஸ்கூல் முடிஞ்சு போனா நீங்க யார்கிட்ட பேசுவீங்க?"

மாலை. குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும் அல்லவா, நியாயப்படி. பதிவுப் பொத்தானை அழுத்தினேன். நாற்பது விநாடி. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.