என் பெயரில் கேட்ட மன்னிப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம், உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். அம்மாவுக்குக் கண்ணில் செய்த அறுவைச் சிகிச்சைப் புண் ஆறிவிட்டது. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீட்டு மூலைகளில் இருக்கும் தூசியையெல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாள். உன் தம்பி கார் ஓட்டும் தேர்வில் மறுபடியும் தோற்றுவிட்டு, பழி முழுவதையும் எதிரே வந்த லாரியின் மேல் போட்டிருக்கிறான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுக்கு நின்றபாடில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று நேற்று நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், எழுத்தில் உயராது. கையால் எழுதிய இதைப் படம் எடுத்து இன்றே உனக்கு அனுப்பும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நேற்று மதியம் உன் மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு வெற்றிக் களை. "அத்தான், பொண்ணு விஷயத்த முடிச்சிட்டேன், இனிமே நிம்மதியா தூங்குங்க" என்றார். எந்த விஷயம் என்று கேட்டேன். உன் மேலாளரும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதும், அந்தப் பழக்கத்தில்தான் உன்னை அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்த்துவிட்டார் என்பதும் நீ அறிந்ததே. அந்த மேலாளரை இவராகவே அழைத்து, "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது, அவசரப்பட்டு லிஃப்ட பூட்டிட்டா. அவ அப்பா ரொம்ப வருத்தப்படறார், அவர் சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். திங்கக்கெழம அவளே வந்து பூட்டத் திறந்து குடுத்துடுவா" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதை வரி பிசகாமல் எனக்கு ஒப்பித்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தார். மகளே, நான் வருத்தப்படவில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி யாரையும் அனுப்பவும் இல்லை. மழைக்கு வாசலில் கிடக்கும் குடையை எடுத்துப் போவதுபோல் என் பெயரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

லிஃப்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொத்தானை அழுத்துவதுதான். பொருளாதாரம் கற்பிக்கும் ஒருவனுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டிய தேவையும் வந்ததில்லை. ஆகவே நீ தொலைபேசியில் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்து. பெட்டியைத் தாங்கும் கம்பி வடங்களில் ஒன்றில் இழைகள் அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் பிடித்த பிறகும் பெட்டி ஒரு சாண் கீழே நழுவியது. கூட இருந்த ஃபோர்மேன், "பாப்பா, இதெல்லாம் அடுத்த வருஷம் வரைக்கும் ஓடும், கண்டுக்காத" என்றார். நீ கண்டுகொண்டாய். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் உன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாய். மறுநாள் மேல்மாடி அலுவலகத் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் வேர்த்து விறுவிறுத்துப் படியேறினார்கள். அதில் கட்டட உரிமையாளரின் கௌரவம் போய்விட்டது, உன் நிறுவனத்தின் தூக்கமும் போய்விட்டது. "நீ சேந்து ஒரு வருஷம் ஆகல, அந்த லிஃப்டுக்கு உன் வயசுக்கு மேல வயசு" என்று மேலாளர் உன்னைக் கடிந்துகொண்டாராம். அந்த லிஃப்டுக்கு வயதாகிவிட்டது என்பதைத்தானே நீயும் சொன்னாய்? உங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு எங்கே என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒன்று நன்றாக விளங்குகிறது. பூட்டியவர் யாரோ அவரேதான் திறக்க வேண்டும் என்பது உங்கள் தொழிலின் விதி என்று முன்பொரு முறை சொன்னாய். பூட்டை உடைக்க மேலாளருக்கு ஒரு சுத்தியல் போதும். அவர் உடைக்கவில்லை. ஏனென்றால், உடைத்தால் நாளை நடப்பதற்கு அவர் பொறுப்பாளி. நீயே திறந்து, 'அனுபவக் குறைவால் தவறாகப் பூட்டினேன்' என்று கையெழுத்திட்டால் நீ பொறுப்பாளி. உன் மாமா மன்னிப்பு என்று நினைத்துக் கொடுத்தது உன் கையெழுத்தை. இதை நான் விளக்கியபோது அவர், "ஊரோட ஒத்துப் போகணும் அத்தான், மொத வேலையிலேயே இப்படி மொறச்சிக்கிட்டா எவன் சேப்பான்?" என்றார். அந்தப் பெட்டிக்குள் ஊரோடு ஒத்துப் போனால் நேரே அடித்தளத்துக்குத்தான் போக முடியும் என்றேன். அவர் பேசியதில் நான் மதித்த கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி மருத்துவரிடம் வரும், நடக்க முடியாத நோயாளிகள் எப்படி ஏறுவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. புதிய வடம் மாட்டுவதுதான் அதற்கு விடை.

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு, என் எதிரிலேயே மேலாளரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெறச் சொன்னேன். "வெளையாடறீங்களா அத்தான், நாளைக்கி அவன் மூஞ்சில நான் முழிக்க வேணாமா?" என்றார். "உன் மூஞ்சிய நீ பாத்துக்க, எம் பேர நான் பாத்துக்கறேன்" என்றேன். அழைத்தார். மென்று விழுங்கி, "அவ அப்பா மன்னிப்பு கேக்கல, நாந்தான் என் இஷ்டத்துக்குச் சொல்லிட்டேன்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். மறுமுனையில், "என்னப்பா, பெரியவங்க பேசி முடிச்சத மாத்திப் பேசற? அந்தப் பொண்ணுக்கு வேல வேணுமா, வேணாமா?" என்று ஓர் அதட்டல். நான் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து உன் அம்மா, "போனா போகட்டும்னு சொல்லுடா!" என்று கத்தினாள். அது மேலாளர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். அழைப்பு துண்டிக்கப்பட்டதும் தன் தம்பியான உன் மாமாவைப் பார்த்து, "வேல வாங்கிக் குடுத்தா எம் பொண்ணு வாயையும் சேத்து வாங்கிட்டியா?" என்று கேட்டாள். மாமா எழுந்து போய்விட்டார், குடித்து மிச்சம் வைத்த தேநீர் அப்படியே இருந்தது.

அம்மா சொன்னதும் சரியில்லை, அதை அவளிடமே சொன்னேன். இரவு வரை என்னோடு பேசவில்லை. உன் வேலை உனக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமை மாமாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே அம்மாவின் 'போகட்டும்' என்பதையும் திரும்பப் பெற்றதாகவே கொள். நான் மேலாளரை அழைத்துப் பேசாததும் அதனால்தான். பேசியிருந்தால், உனக்காகப் பேச இன்னும் ஒரு பெரியவர் வந்துவிட்டார் என்றுதான் எண்ணியிருப்பார். உன் வேலை போனால் எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பயம் இருக்கிறது. பயத்தோடும் ஒருவன் பிடிவாதமாக இருக்கலாம் என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கேட்காமலே சில சொல்கிறேன், வேண்டாததைத் தள்ளிவிடு. திங்கட்கிழமை உன்னை அழைத்திருக்கும் கூட்டத்தில், அந்தக் கட்டட உரிமையாளரின் அறையில், உன்னைப் பாப்பா என்பார்கள், மரியாதை தெரியவில்லை என்பார்கள். மரியாதையைப் பற்றிய பேச்சுக்கு நீ போகாதே, போனால் வடம் மறந்துபோகும். எத்தனை முறை இழுத்தாலும் வடத்துக்கே திரும்பி வா. நீ எடுத்த படங்களின் நகல் ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே பத்திரப்படுத்து. யாராவது பூட்டை உடைத்தால், அந்த நிமிடமே அரசின் லிஃப்ட் ஆய்வுத் துறைக்கும் அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கும் தெரிவிப்பேன் என்று முகத்துக்கு நேரே, முன்கூட்டியே சொல்லிவிடு. சொன்னால் செய்தும் விடு.

நீ எல்லா நலமும் பெற்று, தலை நிமிர்ந்து, நீடூழி வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவை ஒரு முறை கூப்பிட்டுப் பேசு, நான் எழுதியதை அவளிடம் சொல்லிவிடாதே. இன்னொன்று: கூட்டம் மேல்மாடியில், உன் பூட்டு இன்னும் தொங்குகிறது, ஆகவே அவர்களும் படியேறித்தான் வந்தாக வேண்டும். நீ சற்று முன்னதாகவே போய், நடுநடுவே நின்று ஏறு. கதவைத் தட்டுமுன் மூச்சு முழுவதும் அடங்கட்டும். மூச்சிரைக்கும் குரல், கேட்பவர் காதில் தயங்கும் குரலாக விழும்.

இப்படிக்கு,
உன் அப்பா