டீ ஆறுவதற்குள்

இன்று காலை டீ ஆறுவதற்குள் பில்டு முடிந்துவிட்டது. திரையில் பச்சை வரி: எல்லாம் சரி. உன் நினைவு வந்தது, மச்சான்.

நீ வருவதற்கு முன், நாம் எழுதும் எடைக்கணக்கு நிரலைச் சோதித்து, பொதியாகக் கட்டி, அரிசி ஆலைகளுக்கு அனுப்பும் இந்த பில்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சிதம்பரம் கீழவீதி அலுவலகமே படியிறங்கி டீ குடித்து, ஊர்வம்பு பேசித் திரும்பும். சேர்ந்த மாதமே அந்த நாகரிகத்தை ஒழித்தாய். மாறாததை மறுபடி செய்யாதே, பழைய முடிவை எடுத்து வை என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்தாய். மூன்றே நிமிடம். முதலாளி உனக்குச் சால்வை போர்த்தினார்; எங்கள் டீ நேரத்தை வெட்டினார்.

"நேத்து ஓடுச்சுல்ல, இன்னைக்கும் ஓடும்" என்பாய், வடலூரில் ஜோதி பார்த்துவிட்டு வந்தவன் போன்ற முகத்தோடு.

ஆடியில் ஒருநாள் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஈசிஜி எடுக்கச் சொன்னார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். நீ பையிலிருந்து போன வருடத்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாய்.

"இது பழசுப்பா."

"எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு பாருங்க சார். நடுவுல நான் ஒண்ணும் மாறலியே."

"வலிக்குதுன்னு நீதானேப்பா சொல்ற?"

"அது கேஸ் சார்."

வெளியே வந்ததும், "முக்கால் மணி நேரம் மிச்சம் மச்சான்" என்றாய்.

அந்த வாரமே, வழியில் எங்கும் நிற்காத கடலூர் வண்டியில் ஏறினாய். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கியும் நீ இறங்கவில்லை. "யோவ், எறங்குய்யா, வண்டி ஷெட்டுக்குப் போவணும்" என்று கண்டக்டர் உலுக்கிப் பார்த்தாராம். வண்டி சரியான நேரத்துக்கு வந்திருந்ததாம்.

துக்க வீட்டில் முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "அவரு லேப்டாப் பாஸ்வேர்டு தெரியுமா தம்பி?" கண் கலங்கித்தான் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் காட்டுமன்னார்கோயில் மில்லிலிருந்து போன். "என்னா சார் உங்க சாப்ட்வேரு, மூட்டைய ஏத்த ஏத்த எடை கொறையுது?" திறந்து பார்த்தேன். சோதனை முடிவையும் பழையதிலிருந்தே எடுக்கச் சொல்லியிருந்தாய். பொங்கலுக்கு முன் வந்த 'எல்லாம் சரி'யைக் கணினி தினமும் புதிதுபோல் காட்டிக்கொண்டிருந்தது. நிரல் எவ்வளவோ மாறியிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். ஒழுங்காகச் சோதித்தால் பழையபடி முக்கால் மணி நேரம் ஆகும் என்றேன். மாலை போட்ட உன் படத்தைப் பார்த்தார். "அந்த மில்லுக்கு மட்டும் சரிபண்ணிக் குடுத்துடு. அவரு ஞாபகமா இது இப்படியே இருக்கட்டும்."

இருக்கிறது.

நீ போய்ச் சேர்ந்த அந்த மாதமே நான் அந்தப் பெஞ்சில் காத்திருந்து ஈசிஜி எடுத்துக்கொண்டேன். எல்லாம் நார்மல். நாளாகிவிட்டது, ரிப்போர்ட் மட்டும் எப்போதும் என் பையில் இருக்கிறது. இந்த வாரம் படியேறும்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நின்றபோதெல்லாம் அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.